ஓய்வுபெற்றோர் குடியிருப்பு: தேர்வு யாருக்காக?

(திருவனந்தபுரம் ஆரியசாலையில், ஓய்வுபெற்றோரும் ஓய்வுபெறும் நிலையில் உள்ளோரும் கூடிய கூட்டத்தில் மத்திய அரசு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஓய்வுபெற்ற பின் எங்கு வாழ்வது என்ற கேள்வி நம் தந்தையர் காலத்தில் எழவில்லை. இருந்த வீட்டிலேயே இருந்தார்கள். மகனோ மருமகளோ பார்த்துக்கொண்டார்கள். இன்று அக்கேள்வி எழுகிறது. அதற்கு விடையாக ஒரு புதிய தொழிலும் வளர்ந்திருக்கிறது. "ஓய்வுபெற்றோர் குடியிருப்பு" என்ற பெயரில், அறுபது வயதை நெருங்கியவர்களுக்கென்றே கட்டப்பட்ட வீடுகள், பொது உணவுக்கூடம், மருத்துவ வசதி, காவல், பொழுதுபோக்கு ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் விற்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, தேர்ந்தெடுப்பதே தேவைதானா என்பவற்றைப் பொருளாதார நோக்கில் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

நான் கூற விரும்பும் கருத்தை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தகைய குடியிருப்பைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும், அறுபது வயதில் நல்ல உடல்நலத்துடன் உள்ள தம்பதியரின் கண்களால் அதனைப் பார்க்கிறார்கள். அந்தக் குடியிருப்பின் உண்மையான தகுதியோ, இருபது ஆண்டுகள் கழித்து அங்குத் தனியாக எஞ்சியிருக்கும் ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவிதான். எனவே தேர்வு அவருக்காகச் செய்யப்பட வேண்டும்.

மாறிவரும் மக்கள்தொகை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6 விழுக்காடு. 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி நாடு முழுவதற்கும் 10.1, தமிழ்நாட்டிற்கு 13.6, கேரளத்திற்கு 16.5 விழுக்காடு ஆகும். 2031-இல் கேரளத்தில் இது 20.9 விழுக்காட்டை எட்டும் என்று கணிக்கப்பட்டுள்ளது. அஃதாவது ஐவருள் ஒருவர் முதியவராக இருப்பார். தமிழ்நாடும் 18.2 விழுக்காட்டுடன் நெருங்கிப் பின்தொடரும்.

இந்த மாற்றத்திற்கு இரு காரணங்கள் உள்ளன. பிறப்பு விகிதம் குறைந்தது ஒன்று; ஆயுள் நீண்டது மற்றொன்று. இரண்டுமே வளர்ச்சியின் பயன்கள். ஆயினும் கேரளத்தில் மூன்றாவது காரணம் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அது இளைஞர்களின் வெளியேற்றம். 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 2.5 இலட்சம் பேர் மாணவர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைப்போல் இது ஏறத்தாழ இரு மடங்கு. படிக்கச் செல்பவர்களுள் பலர் அங்கேயே தங்கிவிடுவர் என்பதை நாம் அறிவோம்.

ஆயுளைப் பற்றி ஒரு புள்ளிவிவரத்தை மட்டும் தனியே கவனிக்க வேண்டும். மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2014-18 கணக்கின்படி கேரளத்தில் பிறப்பின்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் ஆண்களுக்கு 72.5 ஆண்டுகள், பெண்களுக்கு 77.9 ஆண்டுகள். பெண்ணின் ஆயுள் நீளம். நம் வழக்கப்படி மனைவி கணவனைவிடச் சில ஆண்டுகள் இளையவர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பல குடும்பங்களில் மனைவி பல ஆண்டுகள் தனித்து வாழ வேண்டியிருக்கும் என்பது விளங்கும். இது துயரமான செய்திதான். எனினும் திட்டமிடுபவர் இதனைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் இயலாது.

இத்துறையின் வரலாறு

முதியோருக்கான இல்லங்கள் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. சென்னையில் 1812-இல் தொடங்கப்பட்ட நண்பர் உதவிச் சங்கம் ஆதரவற்றோரைப் பேணிவந்தது. ஏழை முதியோருக்குத் தொண்டு செய்யும் கன்னியர் சபையினர் 1882-இல் கல்கத்தாவில் தம் இல்லத்தைத் திறந்தனர். சென்னையில் 1978-இல் தோன்றிய "விஸ்ராந்தி" பலருக்கும் தெரிந்த பெயர். இவை யாவும் அறச்செயல்கள். வீடற்றோருக்கும் கைவிடப்பட்டோருக்கும் ஏற்பட்டவை.

வசதி உள்ளோர் தாமே விலைகொடுத்து வாங்கும் குடியிருப்பு என்பது வேறு வகை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் சன் சிட்டி 1960 ஜனவரி முதல் நாளன்று திறக்கப்பட்டது. ஓய்வை ஒரு வாழ்க்கை முறையாக விற்கும் தொழில் அங்குதான் பெரிய அளவில் உருப்பெற்றது. இந்தியாவில் இத்தொழில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்தது. கோயம்புத்தூர் அதன் முக்கிய மையம் ஆயிற்று. மிதமான தட்பவெப்பம், சிறந்த மருத்துவமனைகள், விமான நிலையம், வடவள்ளி போன்ற நகரோரப் பகுதிகளில் அன்று கிடைத்த நிலம் ஆகியவை அதற்குக் காரணங்கள். கேரளத்தில் கொச்சி, ஆலுவாப் பகுதிகளில் இத்தகைய குடியிருப்புகள் எழுந்துள்ளன. திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல, தாய்மொழியையும் உணவையும் கருதிக் கோயம்புத்தூரை நாடுகின்றன.

மூன்று வகை உரிமைகள்

குடியிருப்பைப் பார்க்கச் செல்வோர் முதலில் கேட்க வேண்டியது, தாம் பெறப்போவது எவ்வகை உரிமை என்பதே. பொதுவாக அவை மூன்று வகைப்படும்.

முதலாவது, விலைக்கு வாங்குதல். வீடும், நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும் நம் பெயரில் பதிவாகும். பிள்ளைகளுக்கும் அது சேரும். ஆனால் கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 10 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023 முதல் இது 7-உம் 2-உம் சேர்ந்து 9 விழுக்காடு. ஐம்பது இலட்சம் ரூபாய் வீட்டிற்கு இச்செலவு மட்டுமே நாலரை முதல் ஐந்து இலட்சம் ஆகிறது. அது திரும்பி வராத பணம். மேலும், குறிப்பிட்ட வயதைக் கடந்தவருக்கே மறுவிற்பனை செய்யலாம், விற்கும்போது நிர்வாகத்திற்கு மாற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருக்கக்கூடும். வாங்குவோர் வட்டம் சுருங்கினால் விலையும் சுருங்கும்.

இரண்டாவது, வைப்புத்தொகை கட்டி வாழ்நாள் வரை குடியிருத்தல். வெளியேறும்போது தொகை வட்டியின்றித் திரும்பக் கிடைக்கும் என்பார்கள். இதில் வாடகை இல்லை என்று எண்ணுவது தவறு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட வட்டி 8.2 விழுக்காடு. அதில் 30 இலட்சம் ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 2,46,000 ரூபாய், அஃதாவது மாதம் 20,500 ரூபாய் வட்டி வரும். அதே தொகையை வட்டியின்றி ஒரு நிறுவனத்திடம் கொடுப்பவர், மாதம் 20,500 ரூபாய் வாடகை கொடுக்கிறார் என்பதே பொருள். நிறுவனம் நொடித்தால் அசலும் கேள்விக்குறியாகும்.

மூன்றாவது, மாத வாடகைக்குக் குடியிருத்தல். பிள்ளைகளுக்குச் சொத்து சேராது, வாடகை உயரும். ஆனால் மூலதனம் நம் கையில் இருக்கும். பிடிக்காவிடில் மறுமாதமே கிளம்பலாம். முதியவருக்கு, கிளம்பிச் செல்லும் உரிமைக்கு ஒரு விலை உண்டு. அதனைக் கணக்கில் சேர்ப்போர் சிலரே.

மாதக் கட்டணமும் ஓய்வூதியமும்

வீட்டின் விலையைப் பற்றிப் பேரம் பேசுவோர், மாதக் கட்டணத்தைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. உண்மையில் நாம் வாங்குவது சுவரையும் கூரையையும் மட்டுமன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கான சேவையையும் வாங்குகிறோம். சேவைத் தொழிலில் பெரும்பகுதிச் செலவு ஊதியம். சமையற்காரர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் ஊதியம் விலைவாசியைவிடச் சற்று வேகமாகவே உயரக்கூடும். அவ்வாறு உயர்வதும் நியாயமே.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவரின் வயது 60, மனைவியின் வயது 56. அகவிலை நிவாரணம் உட்பட ஓய்வூதியம் மாதம் 50,000 ரூபாய். குடியிருப்பின் மாதக் கட்டணம் 25,000 ரூபாய். அதில் வீட்டுக்கான பராமரிப்பும் சேவையும் 15,000, இருவர் உணவு 10,000. கட்டணம் ஆண்டுக்கு 8 விழுக்காடும், ஓய்வூதியம் 5 விழுக்காடும் உயர்வதாகக் கொள்வோம்.

எட்டு விழுக்காட்டில் வளரும் தொகை ஒன்பது ஆண்டுகளில் இரட்டிக்கும். எனவே 25,000 ரூபாய் ஒன்பதாம் ஆண்டில் 50,000 ஆகும். பதினெட்டாம் ஆண்டில் ஒரு இலட்சம் ஆகும். ஐந்து விழுக்காட்டில் வளரும் ஓய்வூதியம் பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2.4 மடங்காகி 1,20,000 ரூபாயை எட்டும். தொடக்கத்தில் வருவாயில் பாதியாக இருந்த கட்டணம் இப்போது ஆறில் ஐந்து பங்கு ஆகிவிட்டது. ஆயினும் தம்பதியர் ஒருவாறு சமாளிக்கிறார்கள்.

அந்நிலையில், 78-ஆவது வயதில் கணவர் மறைகிறார் என்று கொள்வோம். ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 50 விழுக்காடு; குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. உயர்த்தப்பட்ட குடும்ப ஓய்வூதியம், ஓய்வூதியர் உயிரோடிருந்தால் 67 வயதை எட்டும் நாள் வரைதான். அந்நாள் எப்போதோ கடந்துவிட்டது. ஆகவே 1,20,000 ரூபாய் ஒரே மாதத்தில் 72,000 ரூபாய் ஆகிறது. கட்டணமோ பாதியாகக் குறைவதில்லை. உணவுச் செலவுதான் பாதியாகும்; வீட்டுக்கான கட்டணம் அப்படியே நிற்கும். பதினெட்டாம் ஆண்டின் கணக்கில் அது 60,000-உம் 20,000-உம் சேர்ந்து 80,000 ரூபாய். வருவாய் 72,000, கட்டணம் 80,000. மருந்துக்கு ஒரு காசு செலவிடும் முன்பே மாதம் 8,000 ரூபாய் துண்டு விழுகிறது. 80 வயதில் கிடைக்கும் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் அந்த அம்மையாருக்கு வர இன்னும் ஆறு ஆண்டுகள் உள்ளன. அவர் வேறு வீடு தேட வேண்டிய வயது இதுவா?

2004 ஜனவரி முதல் நாளுக்குப் பின் பணியில் சேர்ந்து தேசிய ஓய்வூதிய முறையில் இருப்போருக்கு இக்கணக்கு மேலும் கடினமானது. வழக்கமான ஆண்டுத்தொகை விலைவாசியோடு உயர்வதில்லை. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலை நிவாரணம் உண்டு. வாழ்க்கைத் துணைக்கு 60 விழுக்காடு கிடைக்கும். அங்கும், எஞ்சுபவரின் வருவாய் ஐந்தில் மூன்று பங்காகக் குறைவதே விதி.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஓர் அளவுகோலைப் பெறலாம். சேரும் நாளில், ஒருவருக்கான மாதக் கட்டணம் அன்றைய ஓய்வூதியத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குள் இருப்பது பாதுகாப்பானது. 50,000 ரூபாய் ஓய்வூதியத்திற்கு 10,000 ரூபாய் என்று கொண்டால், பதினெட்டு ஆண்டுகளில் அது 40,000 ஆகும். 72,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியத்தில் மருந்துக்கும் பிற செலவுக்கும் 32,000 மிஞ்சும். நாம் பார்த்த உதாரணத்தில் ஒருவருக்கான இன்றைய கட்டணம் 20,000. அளவுகோலை மிஞ்சிய கட்டணத்தை ஏற்பவர், அந்த வேறுபாட்டைத் தாங்கும் அளவுக்கு எளிதில் எடுக்கக்கூடிய சேமிப்பை மனைவியின் பெயரில் தனியே வைத்திருக்க வேண்டும். கையிலுள்ள முழுத் தொகையையும் வீடு வாங்குவதில் போட்டுவிட்டால் அது இயலாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சுவழக்கில் "ரெரா", வாங்குவோருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. திட்டம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் வைக்கப்பட வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இன்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டமைப்புக் குறைகளை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை கட்டியவரே சீர்செய்ய வேண்டும்.

ஆனால் இச்சட்டம் அடிப்படையில் கட்டடத்தைப் பற்றியது. ஒப்படைத்த பத்தாம் ஆண்டில் உணவு தரம் குறைந்தது, செவிலியர் வரவில்லை, கட்டணம் திடீரென்று உயர்ந்தது என்ற முறையீடுகளுக்கு அதில் போதிய விடை இல்லை. கட்டுபவர் ஒருவர், சேவை நடத்துபவர் வேறொருவர் என்ற நிலையும் உண்டு. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள் இக்குறையைக் கருதி, கட்டுபவர், சேவை வழங்குபவர், வாங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையே முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் அவை வலுப்பெறும். மகாராஷ்டிரத்தின் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் இத்திசையில் விதிகளை வகுத்தது. பிற மாநிலங்களும் பின்பற்றுதல் நன்று.

மற்றொரு செய்தி. குடியிருப்புக்குச் செல்லும்போது பழைய வீட்டைப் பிள்ளைகளின் பெயருக்கு எழுதிவைப்போர் உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுக்கப்பட்ட சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை இருந்ததா என்ற கேள்வியில்தான் பல வழக்குகள் சிக்கியுள்ளன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறியுள்ளது. ஆயினும் வழக்குக்கு இடமின்றி, "கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது அறிவுடைமை.

நேரில் சென்று கேட்க வேண்டியவை

விளம்பரத் தாளில் நீச்சல் குளமும் நூலகமும் இருக்கும். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதலாவதாக, எழுந்து நடமாட முடியாத நிலை வந்தால் அங்கேயே இருக்க முடியுமா? பல குடியிருப்புகள் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கு மட்டும் உரியவை. படுக்கையில் விழுந்தால், நினைவு தடுமாறினால், தனிப் பராமரிப்புப் பிரிவு உண்டா, அதன் கட்டணம் என்ன, வெளியேறச் சொல்லும் அதிகாரம் நிர்வாகத்திற்கு உண்டா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, கடந்த ஐந்து ஆண்டுகளில் மாதக் கட்டணம் எவ்வளவு உயர்ந்தது? உயர்வைத் தீர்மானிப்பவர் நிர்வாகமா, குடியிருப்போர் சங்கமா? கணக்கு தணிக்கை செய்யப்பட்டுச் சங்கத்தின் முன் வைக்கப்படுகிறதா?

மூன்றாவதாக, சக்கர நாற்காலி நுழையும் அளவு கதவுகள் அகலமா? தூக்குப் படுக்கை நுழையும் மின்தூக்கி உண்டா? குளியலறையில் வழுக்காத தரையும் கைப்பிடிகளும் உள்ளனவா? கதவு வெளிப்புறம் திறக்குமா? உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்நோக்கித் திறக்கும் கதவைத் திறக்க முடியாது.

நான்காவதாக, ஓய்வூதியர் பெறும் மருத்துவ வசதி அங்கே செல்லுமா? மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் நலமையம் திருவனந்தபுரத்தில் உண்டு. அத்திட்டம் இல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்து, புறநோயாளி வசதியை விட்டுக்கொடுத்தால், 2017 முதல் மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படியாகக் கிடைக்கிறது. அது எத்தனை நாள் மருந்துக்குப் போதும் என்பதை நீங்களே அறிவீர்கள். 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த எவரும் வருவாய் வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறலாம். ஆனால் அரசின் பிற மருத்துவத் திட்டத்தில் இருப்பவர், இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பணியாளர்கள் எந்த மொழி பேசுகிறார்கள்? நினைவு மங்கும் நோயில், பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழி எஞ்சுவதுண்டு. அந்த வேளையில், "தண்ணீர் வேண்டும்" என்பது புரியாத பணியாளரால் என்ன பயன்?

இவற்றையெல்லாம் கேட்ட பிறகும், உடனே முடிவு செய்யலாகாது. மூன்று மாதமாவது வாடகைக்குக் குடியிருந்து பார்க்க வேண்டும். அதுவரை பழைய வீட்டை விற்கக் கூடாது. அங்கே தனித்து வாழும் அம்மையார்களிடம் மனைவி தனியே பேசிப் பார்க்க வேண்டும். நிர்வாகி சொல்லாத விவரங்கள் அவர்களிடமிருந்து கிடைக்கும்.

ஆரியசாலையின் மதிப்பு

புதிய குடியிருப்பின் விலையை மட்டும் மதிப்பிட்டால் கணக்கு முற்றுப்பெறாது. விட்டுச்செல்வதன் மதிப்பையும் அறிய வேண்டும். பொருளியலில் இதனை மாற்றுவாய்ப்பின் செலவு என்பர்.

இந்தத் தெரு சாலைக் கடைத்தெருவின் அருகில் உள்ளது. அரிசி, காய்கறி, மருந்து யாவும் நடக்கும் தூரத்தில் கிடைக்கின்றன. கிழக்கே கோட்டையும் மத்திய ரயில் நிலையமும் அண்மையில் உள்ளன. 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1980-இல் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், 1981-இல் நிறுவப்பட்ட வட்டாரப் புற்றுநோய் மையம் ஆகியவை இந்நகரில் உள்ளன. 2008-இல் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கையை வகுத்த மாநிலம் கேரளம். உள்ளாட்சியின் செவிலியர் வீட்டிற்கே வருகிறார். நகரங்களில் 65 வயதைக் கடந்தோருக்கு "வயோமித்திரம்" நடமாடும் மருத்துவக் குழு இலவச மருந்து தருகிறது. முதியோருக்கென ஓர் ஆணையம் அமைக்க இம்மாநிலம் 2025-இல் சட்டம் இயற்றியது.

இவற்றோடு பணத்தால் அளக்க முடியாத ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து வரும் பவனியில், வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளுவது இந்த ஆரியசாலை தேவி கோயிலில்தான். 1956-இல் மாநில எல்லை மாறிய பின்னும் இந்த வழக்கம் மாறவில்லை. எல்லைக்கு இருபுறமும் உறவு கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக ஒருவரையொருவர் அறிந்து வாழ்கின்றன. காலையில் கதவு திறக்கவில்லையென்றால் அடுத்த வீட்டார் வந்து தட்டுவார்கள். குடியிருப்புகள் மாதக் கட்டணத்திற்குத் தரும் சேவைகளுள் முதன்மையானது அதுவே.

குறைகள் இல்லாமலில்லை. வீடுகளில் உயரமான வாசற்படிகள், குறுகிய குளியலறைகள், செங்குத்தான மாடிப்படிகள். மழைக்காலத்தில் சுற்றுப்பகுதிகளில் நீர் தேங்குகிறது. பிள்ளைகள் தொலைவில் உள்ளனர். அடுத்த வீட்டாருக்கும் வயதாகிறது. நட்பினால் கதவைத் தட்டலாம். நோயாளியை மூன்று மாதம் தூக்கிக் குளிப்பாட்ட நட்பு மட்டும் போதாது. ஆகவே "எல்லாரும் இங்கேயே இருங்கள்" என்று கூறிவிட இயலாது. உதவி செய்ய ஒருவரும் இல்லாதவர், நாள்பட்ட நோயுள்ளவர் ஆகியோருக்கு நல்ல குடியிருப்பு ஒரு வரமே.

இடைவழி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்னும் பழைய குடியிருப்புப் பகுதியின் முதியோர், வீட்டை விட்டுப் போக விரும்பாமல், தாமே ஒரு சங்கம் அமைத்துச் சந்தா செலுத்தி, வாகனம், வீட்டு உதவி, செவிலியர் போன்ற சேவைகளைக் கூட்டாகப் பெற்றனர். 2002-இல் செயல்படத் தொடங்கிய அந்த முறை அந்நாட்டின் பல ஊர்களுக்குப் பரவியது. ஆரியசாலையிலும் இருபது குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பயிற்சிபெற்ற செவிலியரையும், ஒரு பொதுச் சமையலையும், அவசர வாகனம் ஒன்றையும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வாசலில் சாய்தளமும் குளியலறையில் கைப்பிடியும் அமைக்க ஆகும் செலவு, புதிய வீட்டின் பத்திரச் செலவில் ஒரு சிறு பகுதியே.

ஓய்வூதியம் இல்லாதோர்

நாம் இதுவரை பேசியது ஓய்வூதியம் பெறுவோரைப் பற்றியே. அருகிலுள்ள கடைத்தெருவில் மூட்டை சுமந்தும் கூடை வைத்தும் வாழ்ந்து முதுமையடைந்தவர்களுக்கு இக்குடியிருப்புகளின் வாயில் திறக்காது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள முதியோருக்கு மத்திய அரசு தரும் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 வயது முதல் 500 ரூபாய். மாநில அரசு தன் பங்கைச் சேர்த்து அதனை உயர்த்தித் தருகிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, மாவட்டத்திற்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியோர் தங்கும் இல்லம் அமைக்க மாநில அரசுகளுக்கு வழிகாட்டுகிறது. தெருவளவில் முதியோர் கூட்டமைப்பு ஒன்று தோன்றினால், ஓய்வூதியரின் சந்தாவில் வரும் செவிலியர் சுமைதொழிலாளியின் வீட்டிற்கும் செல்ல முடியும். விலைகொடுத்து வாங்கும் வளாகத்தில் அதற்கு இடமில்லை.

முடிவாக, செய்ய வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். அரசின் தரப்பில், 2019 நெறிமுறைகளை மாநிலங்கள் சட்டவலுவுள்ள விதிகளாக்க வேண்டும். மாதக் கட்டண உயர்வுக்கு வெளிப்படையான முறை வகுக்கப்பட வேண்டும். துணையை இழந்தவரின் கட்டணம் என்ன என்பது ஒப்பந்தத்தில் கட்டாயமாக இடம்பெற வேண்டும். குடும்பத்தின் தரப்பில், பதினெட்டு ஆண்டுக் கணக்கை ஒரு தாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். கணவர் மட்டும் கணக்குப் போட்டு, மனைவி பின்னால் அறிந்துகொள்ளும் நிலை இனி ஆகாது. அந்தத் தாளின் கடைசி வரியில் எஞ்சியிருக்கப்போகும் பெயர் பெரும்பாலும் அவருடையதே. அவர் படித்துப் பார்த்து "சரி" என்று சொல்லும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். அது கோயம்புத்தூராயினும் சரி, இந்தத் தெருவாயினும் சரி.